கழுகு மார்க் கார்புரேட்டர்

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களில் இரண்டு இனம் உண்டு. வண்டியில் ஏறுகிறவர்கள் ஓர் இனம். வண்டிக்கு ஏற்றுகிறவர்கள் இன்னோர் இனம். முதல் இனத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. காலையில் கிளம்புவார்கள், போய்ச் சேர்வார்கள், சாயங்காலம் திரும்பி வருவார்கள். இதில் என்ன சுவாரஸ்யம்? நான் சொல்லப்போவது இரண்டாம் இனம். இவர்கள் புல்லிங் ஏற்றுவார்கள், பிக்கப் ஏற்றுவார்கள், வேகம் ஏற்றுவார்கள், பெண்டாட்டிக்கு ரத்தக்கொதிப்பு ஏற்றுவார்கள். வண்டியில் மட்டும் ஏற மாட்டார்கள். எப்படி ஏறுவது? வண்டி பிரித்துக் கிடக்கிறதே!

இவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் உங்கள் குடும்பக் கஷ்டத்தை உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ரோட்டில் போகிற எவனோ ஒருவனுடைய எஞ்சின் சத்தத்துக்குத் தலையாட்டுகிறாரா? அவர்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாருக்கு முன்னால் அவர் கையிலிருந்து பெட்ரோல் வாசம் வருகிறதா? அவரேதான். இன்னும் சந்தேகம் என்றால், "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மற்ற மனிதர்கள் "இருக்கு" என்பார்கள். இவர் மட்டும் உங்கள் தோளில் கை போட்டு, ஓரமாக அழைத்துப்போய், ரகசியக் குரலில் சொல்வார்:

"ஒரே ஒரு சின்ன வேலதான் பாக்கி, மாப்ள. செலவே இல்ல. அத முடிச்சுட்டா பறந்துரும்."

எங்கள் விஸ்வநத்தத்தில் இந்த இனத்துக்கு ஒரு சிங்கம் உண்டு. பெயர் சங்கிலிமுத்து. எனக்குப் பக்கத்து வீட்டு மாமா. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பட்டாசு லேபிளும் காலண்டர் அட்டையும் வெட்டும் மிஷினில் வேலை. அவருடைய வண்டி, ஆலங்குளம் சிமெண்டு ஆலைச் சூப்பர்வைசர் ஒருவர் ஓட்டிச் சலித்து, அவருடைய மகனும் ஓட்டிச் சலித்து, கடைசியில் மாமாவின் தலையில் கட்டிய ரெட்டைச் சைலன்சர் வண்டி. மாமாவை விடக் கொஞ்சம்தான் இளையது. ஊரில் டீ மாஸ்டர்கூடத் தவணையில் புது வண்டி எடுத்துவிட்டார். மாமா அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "அது வண்டியாலே? தையல் மிஷின்."

புது வண்டி வாங்கக் காசில்லை என்பதை மாமா ஒருநாளும் சொன்னதில்லை. பழைய வண்டியில் வேகம் ஏற்றுவேன் என்றுதான் சொல்வார்.

எப்படி ஏற்றினார்? பெட்ரோலுக்கு முறுக்கு வரட்டும் என்று அய்யம்மாள் அத்தையின் சேலைப் பெட்டியிலிருந்த பாச்சா உருண்டைகளை எடுத்து டாங்கில் போட்டார். அன்றிலிருந்து வண்டி விடும் புகையில் கல்யாணப் பட்டு வாசம் வந்தது, பெட்டியிலிருந்த கல்யாணப் பட்டில் ஓட்டை விழுந்தது. காற்று நன்றாக உள்ளே போகட்டும் என்று காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே டீ வடிகட்டியை வைத்துக் கட்டினார். பாரம் குறையட்டும் என்று செயின் கவரையும், பின்சக்கர மட்கார்டையும், பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பியையும் எடுத்தார். சைலன்சர்களுக்குள் இருந்த குழாய்களை உருவினார். எஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கும் அட்டையைக் கடையில் வாங்காமல், பிரஸ்ஸில் மிஞ்சிய காலண்டர் அட்டையில் தானே வெட்டி வைத்தார். ஒரு லட்சுமியின் பாதி முகம் இன்றைக்கும் அந்த மூடிக்கு அடியில் வெந்துகொண்டிருக்கிறது.

இத்தனைக்கும் செலவே இல்லை.

வண்டி பிரித்துக் கிடப்பதால், அதற்குச் சாமான் வாங்க விருதுநகருக்குப் பஸ்ஸில்தான் போவார். அந்தப் பஸ் டிக்கெட்டையும் எறிய மாட்டார். தீப்பொறி தட்டுகிற பாயிண்டுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று அளக்க, இரண்டாக மடித்த பஸ் டிக்கெட்டை மிஞ்சிய கருவி இல்லையாம். பஸ்ஸில் போகிறவனை மாமா மதிக்கவே மாட்டார். டிக்கெட்டை மட்டும் மதிப்பார்.

இந்த இனத்தை வீழ்த்துவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித் தருகிறேன். டயரில் காற்றைப் பிடுங்குவது, சைலன்சரில் பழத்தோலைத் திணிப்பது எல்லாம் சின்னப் பிள்ளை வேலை. வண்டி அபூர்வமாக ஓடும் நேரம் பார்த்து, பக்கத்தில் நடந்துபோகிற மாதிரி போய், நெற்றியைச் சுருக்கி ஒரே ஒரு வரி சொன்னால் போதும்.

"மாமா, வண்டியில ஏதோ சத்தம் கேக்குற மாதிரி இருக்கே?"

முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் சாக்கு மேல் கிடக்கும். நானும் டீக்கடைப் பயல்களும் இந்த வரியை முறை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு, உண்மையாகவே சத்தம் வந்தது.

மாமா தன் வண்டியின் பழைய கார்புரேட்டரைக் கழற்றி, விருதுநகரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஜெகபர் அலி பாயிடம் விற்றுவிட்டு, வேறு எங்கேயோ கிடைத்த பெரிய வண்டிக் கார்புரேட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். அதை மாட்டிய நாளிலிருந்து வண்டி நாலு அடிக்கு ஒருமுறை 'டமார்' என்று வெடித்தது.

வெளியூரில் 'டமார்' என்றால் கல்யாணமாக இருக்கும், கட்சிக் கூட்டமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் வேலை நேரத்தில் 'டமார்' என்றால் தீப்பெட்டி ஒட்டுகிற கை அப்படியே நிற்கும். குழாயடியில் குடம் நிறைந்து வழியும், யாரும் தூக்க மாட்டார்கள். எல்லாத் தலைகளும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் திரும்பும். கண் புகையைத் தேடும். யார் வீட்டு ஆள் எந்தக் கம்பெனிக்குப் போயிருக்கிறது என்று மனசு ஓடும். அப்புறம் தெருமுனையில் பாச்சா உருண்டை வாசத்தோடு மாமா வருவார். அதன்பின் அவர் காதில் விழுந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அத்தை வேலை பார்த்த கம்பெனியின் கேட் வாட்ச்மேன் செல்லப்பாண்டி ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, ஒங்க வண்டி இங்கன உருமக் கூடாது. எஞ்சினை அமத்திட்டு, அந்தா அந்த வேப்ப மரம் வரைக்கும் தள்ளிட்டுப் போங்க." வேகம் ஏற ஏற, தள்ளுகிற தூரமும் ஏறியது.

ஒருநாள் உள்ளே வேலையாக இருந்த அத்தைக்குச் சத்தம் ஊர்ப் பக்கமிருந்து கேட்டிருக்கிறது. வீட்டில் மகள் தனியாக இருக்கிறாளே என்று ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். வந்து பார்த்தால் மகள் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள், மாமா வண்டியை உதைத்துக்கொண்டிருக்கிறார். அத்தை திட்டவில்லை. வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"வேகம் எம்புட்டு வேணும்னாலும் ஏத்திக்கோங்க. சத்தத்த மட்டும் ஏத்தாதீக. என் நெஞ்சு தாங்காது."

மாமா அன்றைக்கு வண்டியைத் தொடவே இல்லை. நாங்களும் அந்த வரியைச் சொல்வதை நிறுத்திக்கொண்டோம்.

இப்போது மகள் மாரிசெல்வி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பன்னிரண்டாவது பாஸ். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துத் தோற்றுப்போனவள் அவள்தான். அவளுக்குச் சூலக்கரை கலெக்டர் ஆபீசிலிருந்து கடிதம் வந்திருந்தது. சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு நேர்காணல், காலை பத்து மணிக்கு. அந்த வேலை கிடைக்காவிட்டால் சீசனுக்கு அத்தையோடு கம்பெனி வேனில் ஏறவேண்டியதுதான். தான் வேன் ஏறுவது போதும், மகள் ஏறக் கூடாது என்று அத்தை வேண்டாத சாமி இல்லை.

"பஸ்ல போகட்டும்," என்றாள் அத்தை.

"எம் மக பஸ்லயா? வண்டியில கொண்டுபோய் கலெக்டர் வாசப்படியில எறக்குவேன். ஒரே ஒரு சின்ன வேலதான் பாக்கி."

"அந்த வேல முடியுறதுக்குள்ள இவளுக்கு ரிட்டையர்டு வயசு வந்துரும்."

மாமாவின் முகம் சுருங்கியதை அக்கா பார்த்துவிட்டாள். "நான் அப்பாகூட வண்டியிலேயே போறேம்மா," என்றாள். இந்த ஊரில் பட்டாசுக் கம்பெனிக்குப் போகாத பெண்களிலும் தைரியசாலிகள் உண்டு.

மாமா உடனே பஸ் ஏறி, ஜெகபர் அலி பாய் கடைக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"பாய், சத்தம் வரக் கூடாது. புல்லிங் இருக்கணும். வெல மலிவா ஒரு கார்புரேட்டர்."

பாய் மாமாவைப் பார்த்தார். உள்ளே போய், மண்ணெண்ணெயில் குளிப்பாட்டித் தேய்த்து, வெள்ளிக் கிண்ணம்போல் மின்னும் ஒன்றை எடுத்துவந்தார்.

"அண்ணாச்சி, இது ஒங்க..."

"எங்க வண்டிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே பாய்!"

"அதத்தான் சொல்ல வாரேன். இது ஒங்க வண்டியில..."

"அப்படியே பொருந்தும்! எனக்குத் தெரியாதா? பாத்த ஒடனே தெரியும் பாய். ஃபாரின் சரக்குத்தானே?"

பாய் ஒரு பெருமூச்சு விட்டார். "நீங்க ஒருநாளும் ஒரு வாக்கியத்த முடிக்க விட்டதில்ல அண்ணாச்சி. சரி, போன தடவ நான் ஒங்களுக்குக் குடுத்த காச எனக்குத் திருப்பிக் குடுங்க, போதும்."

"இம்புட்டு மலிவா!" என்றார் மாமா. பஸ்ஸில் வரும்போது அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். திடீரென்று என் விலாவில் இடித்தார். "ஏலே, அடியில பாத்தியா? கழுகு மார்க்!" பார்த்தேன். இறக்கையை விரித்த ஏதோ ஒரு பறவை கீறலாகத் தெரிந்தது. லேபிள் ஊர்க்காரர்கள் நாங்கள். மயில் மார்க், கிளி மார்க் பார்த்து வளர்ந்தவர்கள். மார்க் இருந்தால் அது நல்ல சரக்கு. நானும் நம்பினேன்.

நேர்காணல் நாள் காலையில் மாமா மட்கார்டையும் கால் வைக்கும் கம்பியையும் திரும்ப மாட்டியிருந்தார், சைலன்சருக்குள் குழாய்களைச் சொருகியிருந்தார். கேட்டதற்கு, "எம் மக ஒக்காருதால்ல?" என்றார். டீக்கடை வாசலில் நாங்கள் வரிசையாக நின்றோம். முதல் நாளே அக்கா எச்சரித்திருந்தாள்: "நாளைக்கு எவனாச்சும் சத்தம்னு வாயத் தொறந்தீக, சத்துணவுல பேதி மாத்திரை கலந்துருவேன்." ஒரு பயல் வாய் திறக்கவில்லை. ஒருவனுக்கு இருமல் வந்தது, அவன் வாயை நான்தான் பொத்தினேன்.

வண்டி ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. கம்பெனி கேட்டில் செல்லப்பாண்டி கையைத் தூக்கினார், காது கொடுத்துக் கேட்டார், ஆச்சரியத்தில் கையை இறக்க மறந்துபோய் நின்றார். பூனை மாதிரி போனது வண்டி.

மற்றதை அக்கா சொல்லித்தான் தெரியும்.

ஆமத்தூர் தாண்டியதும் மாமா வண்டியை ஓரம் கட்டினார்.

"என்னப்பா?"

"சத்தமே இல்லையே தாயி."

"அது நல்லதுதானப்பா?"

"இல்ல. இம்புட்டு அமைதியா ஓடக் கூடாது. என்னமோ இருக்கு. ஒரே ஒரு சின்ன வேல."

ஸ்குரூ டிரைவர் கைக்கு வந்துவிட்டது. அக்காவுக்கு அழுகை முட்டியது. அவிழ்த்தால் பத்து மணிக்கு இல்லை, பத்து நாளைக்கும் மாட்ட மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். கடந்துபோன பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தலாமா என்று பார்த்தாள். அப்போது மாமா குனிந்து, "இங்க வந்து பாரு தாயி, கழுகு மார்க்," என்று பெருமையாகக் காட்டினார்.

அக்கா குனிந்து பார்த்தாள்.

அது கழுகு இல்லை. கோழி. மூன்றாம் வகுப்பு படிக்கையில், அப்பா வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில், கார்புரேட்டரின் அடியில் ஆணியால் அவள் கிறுக்கிய கோழி. வருஷக்கணக்கில் கரிக்குள் மறைந்து கிடந்ததை ஜெகபர் அலி பாய் தேய்த்து வெளியே கொண்டுவந்துவிட்டார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"எப்பா, கழுகு மார்க்குன்னா கம்பெனிக்காரனே அளவு பாத்து வச்சிருப்பான்ல? நாம கை வச்சா கெட்டுப்போயிராது?"

மாமா யோசித்தார். பழுத்த மெக்கானிக் மாதிரி தாடையைத் தடவினார். "அதுவும் சரிதான். பெரிய கம்பெனி. நாம தொடக் கூடாது." ஸ்குரூ டிரைவர் பைக்குள் போனது.

பத்து மணிக்கு முன்பே சூலக்கரை. கலெக்டர் ஆபீஸ் வாசப்படியிலேயே இறக்கினார். அங்கே நிறுத்தக் கூடாது என்று ஒரு போலீஸ்காரர் சத்தம் போட்டது தனிக் கதை.

அக்கா உள்ளே போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். மரத்தடியில் மாமா செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். அதன் மேல் கார்புரேட்டர் இருந்தது. கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே.

"எப்பா!"

"கோவிச்சுக்காத தாயி. இம்புட்டு நல்லா ஓடுச்சே, ஏன்னு பாக்க வேண்டாமா?"

வண்டியைப் பாய் கடையில் தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸில் வந்தார்கள். அக்காவின் சான்றிதழ் பைக்குள் சான்றிதழ்களோடு கழுகு மார்க் துண்டு துண்டாக இருந்தது. இறங்கும்போது மாமா அவள் கையைப் பிடித்துச் சொன்னாராம்: "டிக்கெட்ட எறிஞ்சுராத. பாயிண்டுக்கு ஆகும்."

அக்காவுக்கு வேலை கிடைத்தது. மாமா ஊரெல்லாம் சொல்கிறார், "எல்லாம் கழுகு மார்க் புண்ணியம்." அக்கா மறுத்ததே இல்லை. கோழி விஷயத்தை வெளியே சொன்னால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மாமா வண்டிப் புத்தகத்தைத் தவிர வேறெதுவும் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அவரிடம் யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி போன மாதம் ஏன் நின்றது? பாடிக்கொண்டிருந்த ரேடியோவின் முதுகை யார் திறந்தது? ஒழுங்காகப் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரே ஒரு டியூஷன்," என்று சொன்னது யார்? மேசை இழுப்பறையில் ஒரு ஸ்குரூ டிரைவர் இருக்குமே, அது உங்களுடையது இல்லையா? இல்லையென்றால் மகிழ்ச்சி. வெளியே நிற்பது உங்கள் வண்டிதானே? வரும்போது கவனித்தேன், சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தேன்.

அதில் ஏதோ சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறதே?