கரையான் அரித்த பத்திரம்

ஒரு காட்டில் நீதிமன்றம் வருவதற்கு முன்பு எல்லோரும் ஓரளவு நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு ஆலமரத்தடியில் யானை நீதிபதியாக உட்கார்ந்தது.

முதல் வழக்கு ஒரு தாய் முயலுடையது. அது மேயப் போன நேரத்தில் நரி அதன் வளைக்குள் குடியேறிவிட்டது. சட்டம் தெரிந்த நரி என்பதால் குட்டிகளைத் தின்னவில்லை; வெளியே தள்ளியதோடு சரி. அடைமழைக் காலம். நான்கு குட்டிகளும் நனைந்து நடுங்கின.

அன்று நரி பேசியதைப் பக்கத்து மரத்திலிருந்து கேட்ட கிளியை முயல் சாட்சி சொல்ல அழைத்து வந்தது. கிளி நரியின் குரலிலேயே சொன்னது: "உன் வளைதான். யாரு இல்லேன்னு சொன்னா? இனிமே நான் இருப்பேன், போ."

குரல் அச்சு அசலாக இருந்தது. நரியே ஒரு கணம் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. பிறகு எழுந்தது.

"கனம் கோர்ட்டார் அவர்களே, இது சாட்சி இல்லீங்க, ஒலிப்பதிவு. பதிவுன்னா நகல். அசல் எங்கே?"

"அசல் உன் வாயிலதானே இருக்கு?" என்றது யானை.

"அப்போ அந்த வாய் அன்னைக்கு ஒழுங்கா வேலை செஞ்சதுன்னு வாய்க்குச் சொந்தக்காரர் சான்றிதழ் தரணும்."

சட்டம் அப்படித்தான் இருந்தது. முயல் நரியிடமே போய்ச் சான்றிதழ் கேட்டது. நரி மரியாதையாக மனுவை வாங்கி, 'அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது' என்று எழுதிக் கொடுத்தது. கிளி தள்ளுபடி ஆனது.

அடுத்து நரி ஓர் ஓலையை நீட்டியது. வளை நரிக்கே சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது. ஓரமெல்லாம் கரையான் தின்றிருந்தது.

"முப்பது வருஷப் பத்திரங்க. இவ்வளவு பழசுக்குச் சாட்சி வேண்டாம்னு சட்டமே சொல்லுது."

"ஐயா, நரிக்கே நாலு வயசுதான்," என்றது முயல்.

"சட்டம் பத்திரத்தோட வயசைத்தான் கேக்குது. நரியோட வயசைக் கேக்கல," என்று யானை தீர்ப்பு எழுதியது.

முயலுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கரையான் புற்றுக்குப் போய் ஓர் ஓலையைச் செருகிவிட்டு எட்டு நாள் காத்திருந்தது.

ஒன்பதாம் நாள், ஓரமெல்லாம் அரித்துப் பழசாகிவிட்ட அந்த ஓலையை நீதிபதி முன் வைத்தது. ஆலமரமும் அதன் அடியிடமும் முயலுக்குச் சொந்தம் என்று அதில் இருந்தது. யானை இரண்டு முறை வாசித்தது. தன் தீர்ப்பையும் ஒரு முறை வாசித்தது. பிறகு எழுந்து மழையில் போய் நின்றது. குட்டிகள் நீதிபதியின் மேடையில் ஏறித் தூங்கின.

"நான் மேல்முறையீடு செய்யணும். மனு கொடுக்க உள்ளே விடும்மா," என்றது யானை.

"தாராளமா வாங்க ஐயா. உங்க தும்பிக்கை ஒழுங்கா வேலை செய்யுதுன்னு ஒரு சான்றிதழ் மட்டும் கொண்டாங்க," என்றது முயல்.

நீதி: உண்மை பேசுகிறவர்கள் கிளி வளர்க்கலாம்; வழக்கில் ஜெயிக்க வேண்டியவர்கள் கரையான் வளர்க்க வேண்டும்.