தண்ணித் தொட்டிக்குப் பின்னால் மாப்பிள்ளை

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு வேலைதான்: நேரத்துக்கு வந்து நிற்பது. அதையும் உருப்படியாகச் செய்யாதவன் நான்.

குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட் சர்ச்சில், பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் லேப்டாப்புக்கு நான்தான் பொறுப்பு. (கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.) திரை வந்தபிறகு பாட்டுப் புத்தகத்தை யாரும் கொண்டுவருவதில்லை. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் லேப்டாப்பில் வைரஸ் புகுந்தது. விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். பாட்டு புரோகிராமோ விண்டோஸில் மட்டும் ஓடுவது. அதை லினக்ஸில் ஓடவைக்க வைன் என்ற மென்பொருளையும் போட்டேன். "இனிமே ஒரு தொந்தரவும் இருக்காதுங்கய்யா" என்று போதகரிடம் மார்தட்டினேன். ஓடுகிறதா என்று பார்க்கத்தான் மறந்துபோனேன்.

கல்யாணத்தன்று காலை, கோட்டு சூட்டோடு திறந்து பார்த்தால், ஏதோ டிஎல்எல் ஃபைலைக் காணோம், ஓடமாட்டேன் என்றது. புரோகிராமுக்குத் துணைக்கு இருக்கவேண்டிய ஃபைலாம். சர்ச்சில் சிக்னல் கிடையாது. மேலே, தேயிலைக்கு நடுவே தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போனால் இரண்டு கோடு வரும். ஏறினேன், போனில் இறக்கினேன், ஓடிவந்து சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் போட்டேன். மறுபடி அதே ஃபைலைக் காணோம் என்றது.

அட, இதோ இருக்கிறதே. கண்ணால் பார்க்கிறேன். ஒருவேளை போலி ஃபைலோ என்று இன்னொரு தளத்திலிருந்து இறக்க மறுபடி ஏறினேன். அதற்கும் அதே பதில். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்றாம் தடவை லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு ஏறினேன்.

அந்த நேரம் பார்த்து பொண்ணு வேன் வந்துவிட்டது. மாப்பிள்ளைத் தோழனாக நின்ற மகராசன் "என்னமோ காணோம்னு அவன் மேல போனானுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். பையன் ஓடிவிட்டான் என்று முடிவுகட்டிய பொண்ணோட அண்ணன், வேனைத் திருப்பச் சொல்லிவிட்டார். கல்யாணப் பொண்ணு எஸ்தர்தான், "அஞ்சு நிமிஷம் பொறுண்ணா" என்று சொல்லிவிட்டு, வெள்ளைப் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஏறி வந்தாள்.

"ஏனுங்க, என்னைக் கட்டிக்க இஷ்டமில்லீங்களா?" என்றாள்.

"ஐயோ, இஷ்டந்தானுங்க. இந்த ஃபைல்தான்... இருக்குது, ஆனா இல்லைங்குது."

அவள் திரையைப் பார்த்தாள். என் ஷூவைப் பார்த்தாள். "கீழ உங்களையுந்தான் இல்லைங்கறாங்க. மொதல்ல வாங்க."

வெட்கத்தில் எனக்கு முகமெல்லாம் காந்தியது. லேப்டாப்பை மூடிவிட்டு அவள் பின்னால் இறங்கினேன். திரை இல்லாத சபைக்கு முதல் சரணம் மட்டுந்தான் மனப்பாடம். அதையே நான்கு தடவை பாடினார்கள். ஐந்தாவது ஆரம்பிப்பதற்குள் போதகர் ஜெபத்துக்குப் போய்விட்டார்.

குற்றம் ஃபைலில் இல்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது. 32 பிட் புரோகிராமின் ஃபைல் சிஸ்டம்32-இல் போகக்கூடாதாம், 64 என்று முடிகிற இன்னொரு ஃபோல்டரில் போகவேண்டுமாம். (ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கு இன்றுவரை புரியவில்லை.)

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், சர்ச் வாசலிலேயே மாப்பிள்ளையின் போனை எஸ்தர் வாங்கி வைத்துக்கொள்வாள். போன மாதம் என் தம்பி கல்யாணத்தில் அவன் போனை வாங்கிய கையோடு என்னிடமும் கை நீட்டினாள்.

"நான் மாப்பிள்ளை இல்லையே" என்றேன்.

"அது தெரியுமுங்க," என்றாள். "தொட்டி இன்னும் அங்கயேதான் இருக்குது."