ஒற்றைச் செருப்பு நிர்வாகம்

ஆட்களைக் கட்டி மேய்க்க நாட்டில் ஆயிரம் வழிகள் இருந்தன. செருப்பைப் பூட்டிவைத்து மேய்த்தவர் எங்கள் பூட்டு சார் ஒருவர்தான்.

எண்பதுகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர் தலைவர். தூசி ஆகாது என்பதால் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போவோம். உள்ளே யாராவது குரலை உயர்த்தினால், வெளியே அவருடைய செருப்பில் ஒன்று காணாமல் போகும். அது பூட்டு சாரின் இழுப்பறைக்குள் இருக்கும். சமாதானம் ஆனால்தான் பூட்டு திறக்கும். டைப் அடிக்கும் பெண்ணை அதட்டிய கணக்கு மேலாளர், ஒரு காலில் பளபளக்கும் ஷூவும் மறுகாலில் சாக்ஸுமாகக் கேண்டீனுக்குப் போனதை மொத்த ஷிப்ட்டும் பார்த்தது. சாப்பிட்டு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்.

சேவியரும் முனுசாமியும் மட்டும் மசியவில்லை. அவருக்கு ஊர் சேரப்பணஞ்சேரி, இவருக்கு வடக்குப்பட்டு. இருவரும் புரோகிராம் எழுதுபவர்கள். முனுசாமியின் புரோகிராம் தருவதை வாங்கி, சேவியருடையது கிடங்குச் சரக்கைக் கணக்கிட வேண்டும். யார் மூத்தவர் என்ற தகராறில் இருவருக்கும் பேச்சு நின்றிருந்தது. அப்படியிருக்க ஒரு நாள், மறுநாள் காலை பெரிய மேலாளர் முன்னால் இரண்டும் சேர்ந்து ஓடாவிட்டால், பிரிவை மூடிவிட்டு எங்களை எல்லாம் பழையபடி டைப்ரைட்டருக்கே அனுப்புவதாக உத்தரவு வந்தது. சேவியருடையது ஓடவே இல்லை.

மதியம் பூட்டு சார் சேவியரின் இடது செருப்பையும் முனுசாமியின் வலது செருப்பையும் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"ரெண்டு பேரும் பேசிக்கினாத்தான் வூட்டுக்கு."

வெளியே சித்திரை வெயிலில் தார் உருகியது. மாலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. முனுசாமி சன்னலையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரக்கு நம்பர்ல ரெண்டு எழுத்து சேத்துக்கீறேன்பா" என்றார், சுவரைப் பார்த்து.

"எப்போ?" என்றார் சேவியர்.

"போன வாரம்."

"அதான் என்னுது ஓடல. ஒரு வாரமா மண்டைய ஒடைச்சிக்கினு கீறேன். இன்னாய்யா மனுசன் நீ? நவுரு, காட்டு."

பேச்சுதான் வந்துவிட்டதே என்று பூட்டு சார் இழுப்பறையைத் திறந்துவைத்தார். இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது.

மறுநாள் பிரிண்டர் தடதடவென்று அடித்துத் தள்ளியது. பெரிய மேலாளர் அதிலிருந்து தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு, ஷூ மாட்ட மறந்து, வெறும் சாக்ஸோடு கிடங்குக்கே நடந்து சரிபார்த்துவிட்டு வந்தார். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கக் கையெழுத்துப் போட்டார்.

பூட்டு சார் மாற்றலாகிப் போன நாளில், மாலை போட்டு, போண்டா தின்று, வாசலுக்கு வந்தால் அவருடைய ஒரு செருப்பைக் காணோம்.

"நான் யார்கிட்டயும் சண்ட போடலையேப்பா" என்றார்.

சேவியர் முனுசாமியைப் பார்த்தார். முனுசாமி சேவியரைப் பார்த்தார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இழுப்பறைச் சாவியை எடுத்துத் தர எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.