தரமாட்டார் டீக்கனார்

“ஒரு வாழயெலைக்கு வழியக் காணோம். நீ காலேசு போயி என்னத்தடி கிழிக்கப் போற?” என்று அத்தை என்னைக் கேட்டபோது, அக்காவின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. என் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்போது விருதுநகரில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படிப்புக்கும் வாழையிலைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் எந்தச் சண்டையும் சுற்றி வளைத்து வாழையிலையில்தான் வந்து நிற்கும். காரணம், டீக்கனார்.

தாயில்பட்டிப் பக்கம் மழையைக்கூடக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்துவிடலாம். எங்கள் ஊர் டீக்கனாரிடம் ஒரு வாழையிலை வாங்க முடியாது. ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘தரமாட்டார்’. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை சர்ச்சில் மணி அடிப்பது, காணிக்கைப் பை எடுப்பது, மைக்கில் அறிவிப்பு வாசிப்பது. மற்ற ஆறு நாளும் சர்ச்சுக்குச் சொந்தமான ஒன்றரை ஏக்கரில் மண்வெட்டியும் கையுமாகக் கிடப்பார். அதில் அரை ஏக்கர் வாழை. குடிதண்ணீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கிற கரிசல் ஊரில் வாழை. ஒருமுறை வேளாண்மை அதிகாரி ஒருவர் வந்து, “இந்த மண்ணுல வாழை வராதுங்க” என்று அரைமணி நேரம் விளக்கினார். வெயிலுக்கு அவர் ஒதுங்கி நின்றது அந்த வாழை நிழலில்.

கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கத்தரிக்காய் கேட்டால் கூடையோடு கொடுப்பார், கூடையைத் திரும்பக் கேட்கமாட்டார். ஆளில்லாத வீட்டுக் கிழவிகளுக்கு மிளகாயும் பூசணியும் வாசலுக்கே வரும். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்ப்பவர் அவர்தான். மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் நாள் தெருக் கூட்டுகிறவரும் அவர்தான். இலை என்று கேட்டால் மட்டும் முகம் பூட்டிக்கொள்ளும்.

ஒரு ஞாயிறு, காணிக்கை எடுத்துக்கொண்டிருக்கும்போது இடி இடித்தது. வரிசையில் பாதி ஆள் காசை நீட்டியபடி இருக்க, டீக்கனார் பையோடு ஓடிவிட்டார். மழைத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டு, முழங்கால்வரை சேறோடு திரும்பி வந்து, விட்ட ஆளிடமிருந்தே பையை நீட்டினார். அந்தப் பைக்குள் ஒரு தவளை இருந்ததாகச் சொல்வார்கள். அது காணிக்கையா, தானாக வந்ததா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

இன்னொரு வருஷம் அறுப்பின் பண்டிகை. விளைச்சலை எல்லோரும் சர்ச்சுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் நாள். டீக்கனார் ஒரு வண்டி காய்கறி கொண்டுவந்தார். மதியம் வெளியூர் விருந்தாளிக்குப் பிரியாணியைச் சில்வர் தட்டில் வைத்தார்கள். அந்த விருந்தாளி ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தார்.

“அங்கன அம்புட்டு எலை ஆடுதே, டீக்கனாரே?”

“அது வேற வேலைக்கு இருக்குங்கய்யா. தட்டு நல்லா வெளக்குனதுதான். சாப்பிடுங்க.”

என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் டி.வி.எஸ். ஐம்பதில் ஈரச் சாக்கு சுற்றிய இலைக்கட்டோடு சிவகாசிப் பக்கம் போவார். பார்த்தவர்கள் எல்லோரும் கணக்காக ஒரே பதிலுக்கு வந்தார்கள்: ஊருக்குத் தராமல் டவுன் ஓட்டலுக்கு விற்கிறார்.

அக்கா கல்யாணத்துக்கு என் அய்யா வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு போய் நின்றார். அய்யாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனி வேலைக்காரர்கள். மாப்பிள்ளை வீட்டார் சொந்தமாக நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறவர்கள். அவர்கள் முன்னால் தலைவாழை விரிக்க வேண்டும் என்பது அய்யாவின் ஒரே ஆசை. நானும் கூடப் போயிருந்தேன்.

“டீக்கனாரய்யா, எரநூறு எலை. மூத்த பிள்ள கல்யாணம். என்ன வெலைனாலும் சொல்லுங்க.”

டீக்கனார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாழையைப் பார்த்தார். “கல்யாணத்துக்கு நாந்தான் காய் அறுத்துத் தாரேன், தம்பி. பந்தல்ல நின்னு பரிமாறுதேன். எலை மட்டும் கேக்காதீக.”

“ஓட்டல்காரனுக்கு மட்டும் குடுப்பீகளோ?”

டீக்கனார் குனிந்து வாழைக்கு மண் அணைக்க ஆரம்பித்தார். அய்யா தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அன்று சாயங்காலம்தான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

கிழித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். சர்ச்சுக்குப் புதிதாக வந்திருந்த பாஸ்டருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. “சபை நிலத்தில், சபைக் கிணற்றுத் தண்ணீரில், சபை மின்சாரத்தில் விளையும் இலைகளைத் தங்கள் டீக்கனார் தனிப்பட்ட முறையில் விற்று வருகிறார் என்பதை, வருத்தத்துடன், தெரிவித்துக்கொள்கிறோம். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்.” மூன்று முறை படித்துப் பார்த்தேன். இவ்வளவு நன்றாக எழுதுவேன் என்று எனக்கே தெரியாது.

சர்ச்சுக்கு வரும் கடிதங்களை அறிவிப்பு நேரத்தில் வாசிப்பது அங்கே வழக்கம். வாசிப்பவர் டீக்கனார். இதை நான் யோசிக்கவில்லை. புது பாஸ்டரும் உறையைப் பிரிக்காமல் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, நான் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது, சர்ச் குழாய் ஸ்பீக்கரில் என் கடிதம் ஊர் முழுக்க ஒலித்தது. டீக்கனார் தன்மேல் எழுதிய குற்றச்சாட்டைத் தானே, நிறுத்தி நிதானமாக, ‘இப்படிக்கு’ வரைக்கும் வாசித்தார். வாசித்து முடித்து, பழக்க தோஷத்தில், “ஆமென்” என்றார். சபையும் “ஆமென்” என்றது. என் குடம் நிறைந்து வழிந்தது தெரியாமல் நின்றேன்.

சர்ச் கமிட்டியில் எட்டுப் பேர். எட்டுப் பேர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவர் இலை கொடுத்ததில்லை. விற்கிறீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். பிறகு எங்கே போகிறது என்றார்கள். தேவைப்படுகிற இடத்துக்கு என்றார். எந்த இடம்? வாயைத் திறக்கவில்லை. மாதக் கடைசிக் கூட்டத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது, அதுவரை மோட்டார் ரூம் சாவி பாஸ்டரிடம் என்று முடிவானது. டீக்கனார் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார். அக்கா கல்யாணம் சிவகாசிப் பேப்பர் இலையில் நடந்தது. ரசம் ஊற்றியதும் இலை ஊறிப்போனது. பந்திக்குப் பந்தி டீக்கனாரைத் திட்டினோம். கல்யாணத்துக்கு அவர் அனுப்பிய கத்தரிக்காயைச் சாப்பிட்டுக்கொண்டே திட்டினோம்.

கல்யாணம் முடிந்த எட்டாம் நாள் மத்தியானம் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். புகை எந்தத் திசையில் என்று மட்டும் பார்ப்பார்கள். அது அம்மா வேலைக்குப் போன திசை.

சிவகாசிப் பெரியாஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு ஓடினேன். அம்மாவுக்கு முதுகும் இரண்டு கையும் வெந்திருந்தன. குப்புறப் படுத்திருந்தாள். கட்டிலில் விரிப்பு இல்லை. நடுத்தண்டு சீவி, வெந்நீரில் கழுவித் துடைத்த பச்சை வாழையிலை, கட்டில் நீளத்துக்கு. பக்கத்துக் கட்டில்களிலும் அதே.

“துணின்னா புண்ணுல ஒட்டிக்கிட்டு தோலோட வரும்மா” என்றார் நர்சம்மா. “எலைன்னா ஒட்டாது, குளுகுளுன்னு இருக்கும். ஒங்க ஊர்ப் பெரியவரு ஒருத்தரு ஏழெட்டு வருசமாக் கொண்டாந்து போடுதாரு. காசு குடுத்தா கோவம் வந்துரும். இந்த ரெண்டு வாரமாத்தான் எலை சிறுத்துப் போச்சு, தண்ணியில்லைன்னாரு.”

திரும்பினால் வராந்தாவில் டீக்கனார். தரையில் சம்மணம் போட்டு, கத்தியால் இலைத்தண்டு சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய கட்டு. அரைத் தோப்பையே வெட்டிக் கொண்டுவந்திருந்தார்.

“ஏன் சொல்லல?” என்றேன்.

“எப்படித் தாயி சொல்ல?” தலையை நிமிர்த்தாமலே பேசினார். “ஊர்ல எந்த வீட்டுல கம்பெனிக்குப் போகாத ஆளு இருக்கு? ஒங்கய்யா வெத்தல பாக்கோட வந்து நிக்காக, மங்கலக் காரியத்துக்கு. அவுககிட்டப் போயி, இந்த எலை ஒங்க வீட்டு ஆளு வெந்து வந்தாப் படுக்கப்போட வச்சிருக்கேன்னு சொல்ல முடியுமா? அது வாய்ல வரக்கூடிய வார்த்தையா?”

நான் அழ ஆரம்பித்தேன். கடிதம் எழுதியது நான்தான் என்று சொல்ல முயன்றேன்.

“தெரியுமே. நம்ம ஊர்ல கமா போட்டு எழுதத் தெரிஞ்சது நீ ஒருத்திதான. ஒவ்வொரு கமாவுக்கும் நின்னுதான் வாசிச்சேன். சரியா இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டு, சீவிய இலை ஒன்றை நீட்டினார். “அம்மாவுக்கு இத மாத்தச் சொல்லு. அது வாடிருக்கும்.”

மாதக் கடைசிக் கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. இரண்டாவது கடிதத்தை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். என் பெயர், அய்யா பெயர், தெரு எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டு, பாஸ்டர் வீட்டுக்கே கொண்டுபோனேன். முதல் கடிதமும் நான்தான் என்றேன். அவர் இரண்டு முறை படித்தார். கூட்டத்தில் இதை டீக்கனார் வாசிக்கக்கூடாது, பாதியை விழுங்கிவிடுவார், நானே வாசிக்கிறேன் என்றேன். பாஸ்டர் எழுந்து உள்ளே போய் மோட்டார் ரூம் சாவியை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தோட்டத்துக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டேன். வெடித்துக் கிடந்த வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. சத்தம் கேட்டு டீக்கனார் மண்வெட்டியோடு ஓடி வருவார் என்று தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன், பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டு.