எரியாத கால் புண்ணியக் கால்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பூட்டிக் கிடந்த ஒரு தகரக் கொட்டகையில் அம்மன் இறங்கிவிட்டாள். மலை, கடல், குளம் என்று எத்தனையோ நல்ல இடம் இருக்க, லாரிப் புகைக்கும் சாக்கடைக்கும் நடுவில் வந்து ஏன் இறங்கினாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க ஏது நேரம்? வரிசை ரோடு வரைக்கும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமையானால் ஷேர் ஆட்டோக்காரர்கள் "தீர்த்தம், தீர்த்தம்" என்று கூவி ஆள் ஏற்றினார்கள். கொட்டகை வாசலில் எலுமிச்சம்பழக் கடை, பூக்கடை, செருப்புக்கு டோக்கன். நாலைந்து பேர் செல்போனை உயர்த்திப் பிடித்து நேரலையில் பக்தி செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே பட்டுத்துணி சுற்றிய ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். பூமியைப் பிளந்துகொண்டு வந்த ஊற்று அது என்றார்கள். ஊற்று டிரம்மோடேயே வந்ததா என்று கேட்ட ஒரு மனிதரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே, பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறது.

டிரம்முக்குப் பக்கத்தில் அக்கினித் தீர்த்தர். காவி, தாடி, நாற்பது வயதுக்கு மேல் போகாத முதுமை. அவர் ஒரு மண் அகலில் தீர்த்தத்தை ஊற்றி, தணலில் லேசாகக் காட்டி, கற்பூரத்தைக் கிட்டே கொண்டுபோவார். தண்ணீர் நீலமாக எரியும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பிறகு தம் வெள்ளிச் சொம்பிலிருந்து கையில் ஊற்றிக் கழுவி, ஒரு வாய் குடித்தும் காட்டுவார். அதன் பிறகு பக்தர்களுக்குக் கால் முழுக்கு. அது மட்டும் சொம்பில் இல்லை, பிளாஸ்டிக் வாளியில். உலோகம் அம்மனுக்கு ஆகாதாம். வெள்ளி எப்போதிலிருந்து உலோகமாக இல்லாமல் போனது என்று தெரியவில்லை.

அவருடைய சாத்திரம் ஒரே வரிதான். கால் எரிந்தால் பாவம். எரியாவிட்டால் புண்ணியம். நல்ல காலோடு வந்தவன் ஐயோ அம்மா என்று குதித்தான். எல்லோரும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சர்க்கரை முற்றிக் கால் மரத்துப்போனவர்கள் வாளிக்குள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். ஊரிலுள்ள சர்க்கரை நோயாளிகள் எல்லாம் உத்தமர்கள் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அந்த உத்தமர்களில் ஒருத்தி கருவடிக்குப்பத்து ஜெயம். பஞ்சாலை மூடும்வரை அதில் நின்றே வேலை பார்த்தவள். வலது கால் சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது. இன்னும் மேலே ஏறினால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு ஆலேன் வந்து தைரியம் சொன்னார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் சொல்தா என்பார்கள், பிரெஞ்சில் சிப்பாய். அவருக்கும் சர்க்கரை. பாரீசிலேயே கிடைக்காத வைத்தியம் மேட்டுப்பாளையத்தில் கிடைக்கிறது என்று சொல்லித் தம் ஸ்கூட்டரிலேயே ஜெயத்தை ஏற்றிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவறாத மனுஷர், வெள்ளிக்கிழமையை அம்மனுக்கு ஒதுக்கினார். நோய்க்கு மதம் கிடையாது.

இதெல்லாம் ஜெயத்தின் மகள் செந்தமிழ்ச்செல்விக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை நாள். வேலை அதே தொழிற்பேட்டையில், ஒரு ரசாயனக் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி. புதிதாக ஒரு திரவம் வந்தால், அது எந்தச் சூட்டில் தீப்பிடிக்கும், தோலை எவ்வளவு வேகத்தில் தின்னும் என்று பார்த்து, வகை பிரித்து, அதற்குரிய ஸ்டிக்கரை டிரம்மில் ஒட்டச் செய்வாள். அவள் திரவத்தை வகை பிரித்தாள். சாமியார் மனிதரை வகை பிரித்தார். சாமியாரிடம்தான் கூட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றப் போனவள் பூசை மாடத்தின் முன்னே அப்படியே நின்றுவிட்டாள். முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கண்ணாடிச் சட்டம். உள்ளே முனையில் நிற்கும் இரண்டு சிவப்புச் சதுரம். ஒன்றில் தீச்சுவாலை. இன்னொன்றில் இரண்டு குழாயிலிருந்து சொட்டும் திரவம், கீழே ஒரு கையும் ஒரு கட்டியும். நாலு மூலைக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, மல்லிச்சரம் போட்டிருந்தது.

"அம்மா, இது என்னாது?"

"தொடாத. குளிச்சிட்டியா நீ?"

"இது எங்க ஆபீஸ் ஸ்டிக்கரும்மா."

"ஒங்க ஆபீஸ்லயும் கும்புடுறாங்களா?" என்றாள் ஜெயம், முகம் மலர்ந்து.

பிறகு மகளுக்கு விளக்கமும் சொன்னாள். அது அக்கினிச் சக்கரம். சுவாலை, அம்மனின் சோதி. கை, அம்மனின் கை; மேலிருந்து அதில் தீர்த்தம் சொட்டுகிறது. பக்கத்திலிருப்பது பீடம், அதற்கு அபிஷேகம் நடக்கிறது. கையிலிருந்து கோடு கோடாக எழும்புவது சாம்பிராணிப் புகை.

படம் போட்டுவிட்டால் எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும் என்று செல்வி வருஷக்கணக்காகப் பயிற்சி வகுப்பில் சொல்லிவந்தாள். புரிந்துதான் இருக்கிறது. ஓடிப்போகச் சொல்லி ஒட்டிய படத்தை நோக்கி ஊரே ஓடிவருகிறது.

"அது கைய அரிக்கிற படம்மா. பக்கத்துல இருக்கறது இரும்பு. அதையும் அரிக்கும். இத எங்கருந்து எடுத்தாந்த?"

வெள்ளிக்கிழமைத் தீர்த்தத்தையும் சாமியார் கொடுத்த சக்கரத்தையும் பற்றி ஜெயம் சொல்லச் சொல்ல, செல்வி தாயின் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். உள்ளங்கால் சாம்பல் வெள்ளையாக வெந்து, ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றாள். ஜெயம் காலை உருவிக்கொண்டாள்.

"அரிக்கும்னா எனக்கு ஏண்டி எரியல? கோடி வீட்டுக்காரி அலறுனா. எனக்கு ஒண்ணும் தெரியல. மில்லுல நின்ன காலுடி இது. ஒருத்தருக்கும் துரோகம் பண்ணாத காலு. ஆஸ்பத்திரிக்குப் போனா வெரல வெட்டுவான். சாமி வெட்டல."

கால் மரத்துப்போனதால் எரியவில்லை என்று சொன்னால், நீ நல்லவள் இல்லை, நோயாளி என்று சொல்வதாகிறது. எந்தத் தாய் அதைக் கேட்பாள்? வாழ்க்கையில் முதல்தடவையாக அவளுக்கு ஒருவர் நற்சான்று கொடுத்திருக்கிறார், அதுவும் கூட்டத்துக்கு நடுவே. இன்றைக்குத்தான் கடைசி முழுக்கு, இன்றோடு விரல் தேறிவிடும் என்று புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் ஆலேன் ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டிருந்தார். செல்வி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கே சொல்லிவிட்டது. ஆலேனின் மூக்கும் சொல்லியிருந்தது. அவர்தான் அதைக் கேட்கவில்லை. "எங்க வீட்டு சலாத்ல ஊத்துற வினேக்ர் வாசனைம்மா. தெய்வம் பாரு, நமக்குப் பழகின வாசனையிலயே வருது" என்று உருகினார்.

அசிட்டிக் அமிலம். வீட்டு வினிகரில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு. டிரம்மில் இருப்பது தண்ணீர் கலக்காதது. நல்ல வெயில் நாளின் சூட்டிலேயே அதன் ஆவி தீயைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அக்கினி நட்சத்திரம். மேலே தகரக் கூரை. டிரம்மின் மூடி திறந்திருக்கிறது, கைக்கெட்டும் தூரத்தில் கற்பூரத் தட்டு, சுற்றிலும் கொட்டகை கொள்ளாத ஜனம், போக வர ஒரே வாசல். செல்வி வரிசையைப் பிளந்துகொண்டு போனாள். கற்பூரத்தை வாயால் ஊதி அணைத்து, தணல் மேல் தண்ணீரைக் கொட்டி, டிரம்மை இறுக மூடினாள்.

விளக்கை வாயால் ஊதினால் குடும்பம் விளங்காது என்று நம்புகிற கூட்டம். கொட்டகையே கொதித்தது. ஜெயம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

சாமியார் எழுந்தார். செல்வியைப் பார்த்தார். "மே..." என்று தொடங்கி, "மகளே" என்று முடித்தார். செல்விக்கும் அந்த முகம் பிடிபட்டது. தாடியைக் கழித்துப் பார்த்தால் சின்னக்கண்ணு. கிடங்கில் டிரம் உருட்டிக்கொண்டிருந்த சின்னக்கண்ணு. அவள் நடத்திய பாதுகாப்பு வகுப்பில் மற்றவர்கள் கொட்டாவி விட்டபோது, கண் கொட்டாமல் கவனித்த ஒரே ஆள்.

இவன் யார் தெரியுமா என்று அவள் கூவவில்லை. கூவியிருந்தால் ஞானிகள் எல்லாருமே முன்னால் மூட்டை தூக்கியவர்கள்தான் என்று கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். மனதுக்குள் ஆத்திரம் பொங்க, குரலைத் தாழ்த்தி, ஒரு சின்ன சோதனை மட்டும் அனுமதிக்கச் சொன்னாள். வாசலில் நீர் தெளித்துக் சுண்ணாம்புக் கல்மாவுக் கோலம் போட்டிருந்தது. சாமியாரின் வெள்ளிச் சொம்பிலிருந்து ஒரு கை எடுத்து அதில் விட்டாள். கோலம் நனைந்தது. கால் முழுக்கு வாளியிலிருந்து ஒரு குவளை ஊற்றினாள். கோலம் புஸ்ஸென்று நுரைத்தது.

"அவரு கழுவறது வெறுந்தண்ணி. ஒங்களுக்கு ஊத்தறது ஆசிடு. பாத்துக்குங்க" என்றாள்.

கூட்டம் பார்த்துக்கொண்டது. பார்த்து, குலவை போட்டது. அம்மன் பொங்குகிறாள்! இரண்டு பேருக்குச் சாமியே வந்துவிட்டது. இவ்வளவு நாள் எரிந்த தீர்த்தம் இன்று பொங்கவும் பொங்குகிறது. சின்னக்கண்ணுவே ஒரு கணம் அசந்துபோனார். இந்த வித்தை தமக்குத் தோன்றவில்லையே என்று நினைத்திருப்பார்.

அறிவியல் தோற்றுப்போய் வாசலில் நின்றது. ஜெயம் சேலையைத் தூக்கிக்கொண்டு வாளியருகே போய்விட்டாள். மகள் பின்னாலேயே ஓடித் தாயின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். சரி, பக்தியில் நாமும் ஒரு படி ஏறிப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

"நீங்க சொல்றதுதான் சரி. சக்தி பூரா வாளியிலதான் இருக்குது. அப்படின்னா சாமிக்கு நாம அதுலதான பாதபூசை பண்ணணும்? எல்லாருக்கும் முழுக்குப் போட்ட சாமிக்கு ஒருத்தரும் முழுக்குப் போடலயே. அவரு பாவமே பண்ணாதவரு. அவருக்கா எரியப்போவுது?"

ஆகா, இது ஏன் நமக்கு முன்னாலேயே தோன்றவில்லை என்று கூட்டம் சிலிர்த்துப்போனது. பாதபூசை என்றால் சும்மாவா? நாலு பெண்கள் மஞ்சள் குங்குமத்தோடு வந்துவிட்டார்கள். நாற்காலி வந்தது. சாமியார் நட்சத்திரம் சரியில்லை என்றார். அவர் அடக்கத்தை மெச்சினார்கள். தமக்குத் தகுதியில்லை என்றார், கண்ணீர் விட்டார்கள். பட்டாளத்துப் பிடியாக ஆலேன் அவர் கால்களைப் பிடித்து நாற்காலிக்குக் கீழே சேர்த்துவைத்து, குவளையை வாளியில் முக்கி உயர்த்தினார்.

"பயப்படாதீங்க சாமி. எனக்கே எரியல. ஒங்களுக்கு எரியுமா?"

செல்வி பாய்ந்து குவளையைப் பிடித்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது வாக்குமூலம், காயம் இல்லை. ஆனாலும் தள்ளுமுள்ளில் கொஞ்சம் சிதறிச் சாமியாரின் கட்டைவிரல் மேல் விழுந்தது.

"விடுங்கடா! ஆசிடுடா அது!"

அலறிக்கொண்டு நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடினார் அக்கினித் தீர்த்தர். ஓட்டமென்றால் வெறும் ஓட்டமில்லை, முறையான ஓட்டம். நேரே குழாயடி. வேட்டியைத் தூக்கினார், குழாயை முழுக்கத் திறந்தார், காலை அதனடியில் நீட்டினார். துடைக்கவில்லை, தேய்க்கவில்லை, விபூதியும் போடவில்லை. எல்லாம் வகுப்பில் சொன்னபடி.

"ரொம்ப நேரம் ஓடுற தண்ணியில காட்டணும், இல்ல மேடம்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"ஆமா சின்னக்கண்ணு. அப்புறம் நேரா டாக்டர்கிட்ட."

பாதபூசைத் தட்டோடு நின்ற பெண்கள் அதைக் கீழே வைத்தார்கள். ஆலேன் குனிந்து தம் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாக எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தார்கள். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, கண்ணால். ஜெயம் மட்டும் மகளைப் பார்த்தாள்.

"அவுருக்கு எரிஞ்சுதே செல்வி. எனக்கு ஏன் எரியல?" என்றாள். இப்போது அது நிஜமான கேள்வி.

செல்வி அவளை அணைத்துக் குழாயடிக்கு நடத்திப்போனாள். பின்னாலேயே வரிசை நின்றது. அந்தக் கொட்டகையில் அதுவரை நடந்ததிலேயே உருப்படியான தீர்த்தமாடல் அதுதான்.

தீயணைப்பு வண்டி டிரம்மைக் கொண்டுபோனது, போலீஸ் வண்டி சின்னக்கண்ணுவைக் கொண்டுபோனது. ஜெயத்துக்குச் சுண்டுவிரலோடு பக்கத்து விரலும் போயிற்று. முதலிலேயே வந்திருந்தால் ஒன்றோடு முடிந்திருக்கும், ஒருவேளை ஒன்றும் போகாமலேயே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். கால் தங்கியது. பூசை மாடத்திலிருந்து அந்தச் சட்டத்தை எடுத்து, கேஸ் சிலிண்டர் இருக்கிற மூலையில் அவளே மாட்டிவைத்தாள். அதற்குரிய இடம் இப்போது அவளுக்குத் தெரியும்.

ஆலேன் பார்க்க வந்தார். காலில் கட்டு. சின்னக்கண்ணு மோசக்காரன் என்று மனதாரத் திட்டினார். திட்டி முடித்து, குரலைத் தாழ்த்தி, தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒருவர் சங்கு ஊதியே சர்க்கரையை இறக்குகிறாராமே, அவர் எப்படி என்று விசாரித்தார். சங்குதானே, அது எரியாதே என்றார்.

கால் மரத்துப்போயிருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறது. புத்தி மரத்துப்போயிருக்கிறதா என்று அவரவரேதான் கிள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.