வாசல்தோறும் பச்சை விளக்கு

2025 ஆகஸ்டு 20, புதன்கிழமை. அன்று காலை, பெருங்களத்தூரில் உள்ள ‘சாந்தி சாகரம்’ அடுக்ககத்தின் வாயிலில், அங்கே ஐந்து வீடுகளில் வேலைசெய்யும் அம்மணி தடுத்து நிறுத்தப்பட்டாள். அவள் எதையும் திருடவில்லை, எவரையும் ஏசவில்லை. பேசினாள். குறை அவ்வளவே.

இனிக் குறைகூறும் வாயை மூடிக்கொண்டு பாராட்டத் தொடங்குவோம். மாந்தர்குலம் தோன்றிய நாள்முதல் அரசர்களும் அறிஞர்களும் தேடிக் காணாத பூரண அமைதியை, தாம்பரத்துக்குத் தெற்கே, தண்ணீர் லாரி பின்பக்கமாக மட்டுமே நுழையக்கூடிய ஒரு சந்தில், மாதப் பராமரிப்புக் கட்டணத்துக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நாடு இதை இன்னும் உணரவில்லை.

கண்டுபிடித்தவர் சங்கச் செயலாளர் உமேஷ். ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மக்கள் எந்தப் பொத்தானை அழுத்தப் போகிறார்கள் என்பதை மக்களுக்கு முன்பே தீர்மானிக்கும் உயர்பதவியில் இருப்பவர். அவருக்குப் பக்கபலமாக நின்றவர் சங்கத் தலைவர் லக்ஷ்மிநாராயணன். வங்கி மேலாளராய் இருந்து ஓய்வு பெற்றவர். ‘ஒழுங்கு’ என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து நிற்பவர்.

ஏற்பாடு எளிது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு விளக்கு. ஒழுங்காக வாழும் குடும்பத்துக்குப் பச்சை. கூச்சலிடுதல், மாடத்தில் துணி உலர்த்துதல், மின்தூக்கியின் அருகே நின்று வம்பளத்தல் முதலிய குற்றங்கள் புரிந்த குடும்பத்துக்குச் சிவப்பு. குற்றத்தைக் கண்டவர் எவரும், தம் பெயர் வெளிவராமல், கைப்பேசி வழியே தெரிவிக்கலாம். இதற்குக் ‘கோள்’ என்று பெயரன்று, ‘அன்பறிவிப்பு’. வாரத்துக்கு ஓர் அன்பறிவிப்பேனும் செய்யாதவரின் விளக்கு தானாகவே சிவந்துவிடும். அண்டை வீட்டார்மேல் அவருக்கு அன்பில்லை என்பது அதன் பொருள். சிவப்பு விளக்குக்காரர் திருந்தும்வரை அவரோடு பச்சை விளக்குக்காரர் பேசலாகாது. இதுவும் ‘ஒதுக்கிவைத்தல்’ அன்று, ‘அன்பு மௌனம்’.

பயன் விரைவில் விளைந்தது. சிவப்பு வீட்டுப் பையனுக்குப் பந்து வீசுவதைச் சிறுவர்கள் எவரும் சொல்லாமலே நிறுத்தினார்கள். ஒரு பிறந்தநாள் விழாவில் சிவப்பு பலூனைக் கண்ட குழந்தை தன் வாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டது. பெற்றோர் பெருமிதத்தால் கண்கலங்கினர். ஜி.எஸ்.டி. சாலையில் போக்குவரத்து விளக்கு சிவந்தால், சாந்தி சாகரத்துக் கார்களுக்குள் கணவனும் மனைவியும் பேச்சைப் பாதியில் நிறுத்தி, பச்சை விழுந்த பின்பே வாக்கியத்தை முடித்தார்கள்.

இந்தப் பொற்காலத்தில்தான் கோகுலாஷ்டமி வந்தது.

லக்ஷ்மிநாராயணனின் மனைவி அபிதகுஜாம்பாள் விடியற்காலையில் எழுந்து சீடைக்கு மாவரைத்தாள். எட்டு மணிக்கு முன் மிக்ஸி ஓட்டுவது குற்றம் என்பதால், அதைக் கம்பளியில் சுற்றி, பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். அந்தப் பதற்றத்தில் மாவைச் சலிக்க மறந்தாள். சலிக்காத மாவில் உருட்டிய சீடை எண்ணெயில் விழுந்தால் என்ன செய்யுமோ, அதைச் செய்தது. முதற்சீடை கூரையைத் தொட்டது. இரண்டாவது சன்னல் கம்பியில் பட்டுத் தெறித்தது. மற்றவை கூட்டமாக வெடித்தன.

அவ்வமயம் லக்ஷ்மிநாராயணன், தம் வீட்டுக்கு நேர்மேலே, மொட்டைமாடியில் மூச்சுப்பயிற்சியில் இருந்தார். இழுத்த மூச்சை விடுமுன் வெடியோசை கேட்டது. எவர் வீடு என்று அவர் ஆராயவில்லை, ஆராய்வது வம்பு. வாஸ்து நூல்களில் தேர்ந்தவராதலால் திசையை மட்டும் குறித்து, “மேல்தளம், அக்னி மூலையில் வெடிச்சத்தம்” என்று அன்பறிவித்தார். தம் வீட்டு அடுக்களையை வாஸ்துப்படி அக்னி மூலையில்தான் அமைக்க வேண்டும் என்று கட்டுமானக்காரரோடு மூன்று மாதம் வழக்காடியவரும் அவரே. பொதுநலம் உள்ளத்தில் பொங்கும்போது சொந்த வீட்டு நினைவு வாராமை சான்றோர் இயல்பு.

மாலையில் அவர் வீட்டு விளக்கு சிவந்தது.

“ஏன்னா, நம்மாத்து வாசல்ல சிவப்பு எரியறதே,” என்றாள் அபிதகுஜாம்பாள்.

“நீதான் ஏதோ பண்ணியிருக்கே. நான் அப்பழுக்கு இல்லாதவன். இன்னிக்குக் கூட ஒரு பெரிய குத்தத்தைக் கையும் களவுமா பிடிச்சுக் குடுத்தேன்.”

“என்ன குத்தம்?”

“மொட்டைமாடியில கேட்டது. அக்னி மூலையில யாரோ குண்டு மாதிரி வெடிச்சிருக்கா. பண்டிகை நாளும் அதுவுமா, என்ன ஜென்மங்களோ.”

 அபிதகுஜாம்பாள் உள்ளே சென்று, கருகிய சீடை ஒரு கிண்ணம் எடுத்துவந்து அவர்முன் வைத்தாள்.

“சாப்பிடுங்கோ. குண்டு.”

எதிர்வீட்டு ஸ்ம்ருதி ஆண்டுதோறும் சீடைக்கு முதல் ஆளாக வருபவள். அன்று அவளை மின்தூக்கியருகே கண்ட அபிதகுஜாம்பாள், “ஸ்ம்ருதி, சீடை எடுத்துண்டு போடி,” என்று அழைத்தாள். ஸ்ம்ருதி வாசல் விளக்கைப் பார்த்தாள்; பின்பு சுவரை நோக்கி, “மாமி பண்ற சீடை எனக்கு ரொம்பப் பிடிக்கும்னு இந்தச் சுவருக்குச் சொல்லிக்கறேன்,” என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொண்டாள். விதியை மீறாமலும் பாசத்தைக் கைவிடாமலும் ஒருவர் ஒழுகுவது எவ்வாறு என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கூட்டம். அபிதகுஜாம்பாள் எழுந்து, வெடித்தது சீடை என்று எடுத்துரைத்தாள். அவளுக்கு விடை கூறினால் அன்பு மௌனம் கலையும். எனவே உமேஷ் ஒலிவாங்கியைப் பார்த்துப் பேசினார்.

“யாருக்கும் பர்சனலா சொல்லல, பொதுவா சொல்றேன். சீடையா இருந்தாலும் சவுண்ட் சவுண்ட்தான்.”

“கிருஷ்ணனே காதைப் பொத்திக்கலை. நீ யாருடாப்பா கேக்கறதுக்கு?”

“பொதுவா சொல்றேன், இது பனிஷ்மென்ட் இல்ல. ஃபீட்பேக்.”

“ஃபீட்பேக்னா ஏன் ஒருத்தரும் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கறேள்?”

அவையில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அனைவரும் லக்ஷ்மிநாராயணனை வியந்து நோக்கினார்கள். அன்பறிவித்தவர் பெயர் வெளிவரலாகாது என்ற விதி, அது பாராட்டுக்குரிய பெயராயின் செல்லாது என்று அங்கேயே திருத்தப்பட்டது.

“அங்கிள், நீங்க லெஜண்ட். சொந்த வீட்டையே ரிப்போர்ட் பண்ணியிருக்கீங்க,” என்றார் உமேஷ்.

கைதட்டல் எழுந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல லக்ஷ்மிநாராயணன் வாயெடுத்தார். கைதட்டல் நின்றபாடில்லை. வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தும் ஒருவரும் அவருக்கு இப்படிக் கைதட்டியதில்லை. சொல்லவந்ததை விழுங்கிவிட்டு, “கடமைதானே,” என்றார்.

சிக்கல் ஒன்று எஞ்சியது. கணவர் உத்தமர், மனைவி குற்றவாளி, வாசலோ ஒன்று. சங்கம் தளரவில்லை. அவ்வீட்டுக்கு மட்டும் இரு விளக்குகள் பொருத்தப்பட்டன: அவருக்குப் பச்சை, அவளுக்குச் சிவப்பு. பச்சையும் சிவப்பும் பேசலாகாது என்ற விதி வீட்டுக்குள்ளும் செல்லும் என்று உமேஷ் தெளிவுறுத்த, லக்ஷ்மிநாராயணன் முழுமனத்தோடு தலையசைத்தார்.

அவ்வீட்டில் வேலைசெய்யும் அம்மணிக்கு விளக்கில்லை. ஆகையால் நிறமும் இல்லை. திங்கட்கிழமை காலை அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கையில், அடுக்களை வாசலில் வந்து நின்றார் லக்ஷ்மிநாராயணன்.

“அம்மணி, காபியில சர்க்கரை இல்லைன்னு அவகிட்டச் சொல்லு.”

அபிதகுஜாம்பாள் கையெட்டும் தொலைவில் நின்றாள்.

“ம்மா, சாரு காபில சக்கரை இல்லியாம்.”

“டாக்டர் குறைக்கச் சொன்னது மறந்துடுத்தான்னு கேளு.”

“சார், டாக்டரு சொன்னது மறந்துட்ச்சானு கேக்குது அம்மா. இன்னா சார் இது, பக்கத்துல பக்கத்துல நின்னுகினு. என் வூட்டுக்காரன் குடிச்சிட்டு வந்தா கூட என்னாண்ட நேரா தான் திட்டுவான்.”

“விதிமுறை, அம்மணி.”

“ஒரு பல்பு எரியறதுக்கா இம்மாம் பேஜாரு?”

அபிதகுஜாம்பாள் சிரித்தாள். அந்தக் கட்டடத்தில் அவளோடு பேச அம்மணியைத் தவிர ஒருவரும் இல்லை. பாத்திரம் துலக்கி முடிந்த பின்னும் அன்றும் மறுநாளும் அம்மணியைக் கொஞ்சநேரம் சுவரோரம் உட்காரவைத்துப் பேசிவிட்டே அவள் அனுப்பினாள். அம்மணிக்கும் பேச்சு பிடிக்கும். ஐந்து வீட்டுச் செய்தியும் அவளிடம் சூடாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை உமேஷ் தொலைபேசியில் அழைத்தார். “அங்கிள், இந்த வீக் உங்க ரிப்போர்ட் இன்னும் வரல. லெஜண்ட் லெவல மெயின்டெய்ன் பண்ணணும்ல?”

லக்ஷ்மிநாராயணன் காதைத் தீட்டிக்கொண்டு தளந்தோறும் நடந்தார். எங்கும் அமைதி. எவரும் எவரோடும் பேசவில்லை, துணி உலரவில்லை, குழந்தைகள் ஓசையின்றி அழுதன. பூரண அமைதியின் ஒரே குறைபாடு, அதில் அறிவிக்க ஒன்றும் கிடைக்காமைதான். களைத்து வீடு திரும்பியபோது, தம் அடுக்களையிலிருந்து ஒரு சிரிப்பொலி கேட்டது. அந்தக் கட்டடத்தில் அன்று கேட்ட ஒரே மனிதக்குரல் அது.

அவர் கைப்பேசியை எடுத்தார். ‘விளக்கில்லாத ஒருத்தி, சிவப்பு விளக்குக்காரரோடு நாள்தோறும் பேசிச் சிரிக்கிறாள்.’ அனுப்புமுன் அவர் விரல் சற்றே தயங்கியது என்று சிலர் சொல்கிறார்கள். அது அவதூறு. அவர் தயங்கவே இல்லை.

புதன்கிழமை காலை, காவலர் ஏசுதாசன் வருகைப்பதிவுக் கருவியைப் பார்த்துவிட்டு வாயிலை மறித்தார்.

“அக்கா, மிஷின்ல உன் பேரு சேப்புல கீது. உள்ள வுட முடியாது.”

“இன்னாபா சொல்ற? நேத்து என் கைல டீ வாங்கிக் குடிச்ச.”

“அத்த மெதுவா சொல்லுக்கா. எனக்கும் சேப்பு போட்ருவாங்கோ.”

“அஞ்சு வூடும் இங்கதான கீது எனக்கு. இத்த வுட்டா நான் எங்க போவேன்?”

ஏசுதாசன் பெரிய கேட்டின் தாழைச் சரிபார்த்தார்.

செய்தி எப்படியோ மேலே எட்டியது. மின்தூக்கியில் நின்றிருந்த பச்சைக்காரர்கள் தன்னைக் கண்டதும் கதவை மூடிக்கொண்டதால், அபிதகுஜாம்பாள் முழங்கால் வலியோடு படியிறங்கி வந்தாள்.

“ஏசுதாசா, கேட்டைத் திற.”

“மேடம், உங்ககூட பேசக் கூடாதுன்னு…”

“பேச வேண்டாம். திற.”

அவர் மேலே, செயலாளர் வீட்டு மாடத்தைப் பார்த்தார். திறக்கவில்லை. அபிதகுஜாம்பாள் பக்கத்திலிருந்த சிறுகதவின் தாழைத் தானே நீக்கி வெளியேறி, அம்மணிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சுள்ளென்ற வெயில்.

“நீ இன்னாத்துக்கும்மா வெயில்ல? மேல போ. கால் வீங்கிக்கும்.”

“மேலே யார் இருக்கா, போறதுக்கு?”

அந்தக் குரல் கட்டடம் முழுதும் கேட்டது. அவ்வளவு அமைதி. மாடந்தோறும் மக்கள் வந்து நின்றார்கள். ஸ்ம்ருதி நின்றாள். உமேஷ் நின்றார். மேல்தளத்தில் லக்ஷ்மிநாராயணன் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார், மனைவியின் பெயரைச் சொல்ல அவர் வாய் திறந்தது, இருபுறமும் பார்த்தார், மூடிக்கொண்டார். போற்றத்தக்க அடக்கம். ஒருவரும் கூச்சலிடவில்லை, ஒருவரும் முறைதவறவில்லை, ஒரு குழந்தைகூட ‘அம்மணி அக்கா’ என்று கூப்பிடவில்லை. இத்துணை நல்லவர்கள் ஒரே இடத்தில் ஒருங்கே வாய்மூடி நின்ற காட்சியை அவ்வூர் அதற்குமுன் கண்டதில்லை.

அவர்களை நகைத்தபடி இதுவரை படித்துவந்த உங்களை விட்டுவிடுவது முறையாகாது. அந்த மாடங்களுள் ஒன்றில் நீங்களும் நிற்கிறீர்கள். உங்கள் குடியிருப்பிலும், அலுவலகத்திலும், உறவுக்குள்ளும், காரணம் கேளாமல் நீங்கள் பேச்சை நிறுத்திய ஒருவர் உண்டு. எவரோ சொன்னார், நிறுத்தினீர்கள். ‘பாவம் அம்மணி’ என்று மனத்துக்குள் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்தது என்றும் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். முடியவில்லை. அவள் இன்னும் வெயிலில்தான் நிற்கிறாள். படியிறங்கி வாருங்கள், அந்தப் பெரிய வாயிலை உங்கள் கையால் திறங்கள், அவளோடு உரக்கப் பேசுங்கள். உங்கள் வாசலில் என்ன நிறம் எரிகிறது என்று திரும்பிப் பார்க்காதீர்கள்.