டேப் அக்கா அளந்த கழுத்துகள்

சிங்கப்பூரில் டேப் அக்காவிடம் அளவு கொடுக்காமல் தப்பிய கழுத்து ஒன்று உண்டென்றால், அது மண்டாய் மிருகக்காட்சிசாலை ஒட்டகச்சிவிங்கியுடையதுதான். அதுவும் டேப் நீளம் பத்தாததால்.

தூக்கக் கோளாறுகளுக்கான கிளினிக் ஒன்றில் நான் கவுன்டரில் உட்கார்ந்திருந்த ஆறு வருஷமும் அக்கா அங்கே சீனியர் டெக்னீஷியன். தூங்க வருபவரின் தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டி, தூக்கத்தில் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்று பதிவு செய்வார். பருத்த கழுத்துக்காரர்களுக்கு மூச்சு அடைபட வாய்ப்பு அதிகம் என்பதால், முதல் வேலையாகக் கழுத்தை அளப்பார். கிளினிக்கோடு நிறுத்தியிருந்தால் இதை நான் எழுதவே வேண்டியிருக்காது.

மதியம் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போவோம். பக்கத்து மேசையில் எவராவது பிரியாணித் தட்டின் முன் கண்ணசந்தால் போதும், அக்காவின் கைப்பையிலிருந்து டேப் வெளியே வந்துவிடும். ஒருமுறை ஒருவர் பாதியில் விழித்து, டெய்லர் என்று நினைத்துக்கொண்டு, “காலர் கொஞ்சம் லூசா வைங்கம்மா” என்றார்.

“காலர் இருக்கட்டும். குறட்டை விடுவீங்களா?”

அடுத்த மாதம் அந்த மனிதர் டாக்டர் கடிதத்தோடு என் கவுன்டரில் நின்றார்.

ஒரு கல்யாணத்தில் மேடையேறிய அக்கா, மணப்பெண் காதில் ஏதோ சொல்ல, பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. என்ன சொன்னீர்கள் என்று பதறினேன். “மாப்பிள்ளை கழுத்து பதினேழு இஞ்சுக்கு மேல இருக்கும், குறட்டை விட்டா கிளினிக் கூட்டிட்டு வான்னேன். வேற என்ன லா!”

“நோயைக் கண்டுபிடிக்கிறது என் வேலை அக்கா” என்று எங்கள் கிளினிக் டாக்டர் கெஞ்சிப் பார்த்தார். “தாராளமா கண்டுபிடிங்க டாக்டர். நான் ஆளைத்தானே பிடிச்சுட்டு வரேன்!”

அப்புறம்தான் என் அண்ணன் விஷயம் வந்தது.

அண்ணன் பூன் லேயில் பஸ் ஓட்டுபவர். சாப்பிடும்போதே கரண்டியோடு தூங்கிவிடுகிறார் என்று அண்ணி போனில் அழுதார். டெஸ்டுக்கு வா என்றால், “ஏதாச்சும் வந்தா லைசென்ஸ் போயிடும்டா. குடும்பத்தை யாரு பாக்கறது?” என்று என்மேல் பாய்ந்தார். வேறு வழி தெரியாமல் அக்காவிடம் சொன்னேன்.

மறுநாள் அக்கா லீவு போட்டுவிட்டு அண்ணன் பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தார். கடைசி நிறுத்தத்தில் இறங்கி அவர் எதிரே போய் நின்றார்.

“தம்பி, மூணு சிக்னல்ல உங்க தலை சாஞ்சிடுச்சு.”

“யாரும்மா நீங்க?”

“உயிரைக் கையில பிடிச்சுட்டு வந்த பேசஞ்சர். உங்க தம்பியோட வேலை பாக்கறவ.”

“லைசென்ஸ் போனா நீங்களா தருவீங்க?”

“லைசென்ஸ் போனா திரும்ப வாங்கிக்கலாம் தம்பி. பின்னாடி நாலு ஸ்கூல் பிள்ளைங்க உக்காந்திருந்தாங்களே, பாத்தீங்களா?”

அண்ணன் நேரே சூப்பர்வைசரிடம் போய், இன்று என்னால் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்.

டெஸ்டில், ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவைக்கு மேல் மூச்சு நின்றிருந்தது. மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தும் மெஷினை டாக்டர் கொடுத்தார். “தும்பிக்கை வச்ச மாதிரி இருக்கு” என்று அண்ணன் அதைக் கழற்றி எறிந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். பழகட்டும் என்று அண்ணனுக்கு மாஸ்க்கை மாட்டி, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சீரியல் பார்த்தார். கடலில் குதிக்கக் கிளம்பியவர்கள் மாதிரி இருவரும் இருந்தார்களாம். இப்படி நாலு ஞாயிறு.

நாலாவது ஞாயிறு அண்ணி என்னைக் கூப்பிட்டார். “தூங்கிட்டாரு தம்பி. ஆனா சத்தமே வரல, பயமா இருக்கு.”

அக்கா போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. “பயப்படாதம்மா. இதுக்குப் பேருதான் தூக்கம்.”

மூன்று மாதம் டிப்போவில் உட்கார்ந்து வேலை பார்த்தபின், டாக்டர் கையெழுத்துப் போட, அண்ணன் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். போன வாரம் அவருக்கு ஐம்பது வயது ஆனது. கேக் வெட்டி, முதல் துண்டை அண்ணிக்கு ஊட்டிவிட்டார்.

அக்காவைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் சிரிக்கச் சிரிக்க எழுதலாம். ஆனால் அந்தக் கேக்கை நினைத்தால் கை நின்றுவிடுகிறது. உங்களால்தான் அண்ணன் இன்னும் இருக்கிறார், அக்கா.